பழைய மிலிட்டரி வண்டி வாங்கி, ஓட்டி, காப்பாத்துறது எப்படி: வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு முழுமையான வழிகாட்டி

நம்ம வட ஆற்காடு பக்கம் மிலிட்டரிக்காரங்க இல்லாத ஊரு ரொம்ப கம்மி. கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னுதான் சொல்லுவாங்க, அங்க வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆளு. அதனால சக்திமான் லாரி, ஜோங்கா, நிசான் ஒன் டன் இதெல்லாம் நமக்கு போட்டோல பாத்த வண்டி இல்ல, தாத்தாவோ சித்தப்பாவோ ஓட்டுன வண்டி. அந்த ஆசையில நிறைய பேரு இப்ப தேடி வாங்குறாங்க, வாங்குனவங்கள்ல பாதி பேரு வண்டிய ரெண்டே வருஷத்துல மாட்டுக்கொட்டாய் பக்கத்துல நிறுத்திடுறாங்க. பாக்கவே வயிறு எரியுது. அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன். "மிலிட்டரி வண்டிப்பா, ஒன்னும் ஆவாது"ன்னு சொல்ற ஆளு பேச்ச கேக்காதீங்க. பட்டாளத்துல இந்த வண்டிங்க அத்தன வருஷம் ஓடுனதுக்கு காரணம், காலைல எடுக்கறதுக்கு முன்னாடி ஃபர்ஸ்ட் பரேடு, வழில நிறுத்துனா ஹால்ட் பரேடு, ராத்திரி நிறுத்துனதும் லாஸ்ட் பரேடுன்னு டிரைவர் மூணு வேளையும் வண்டிய சுத்தி வந்து பாத்ததுதான். அந்த பழக்கத்தோட வாங்குனாத்தான் வண்டி உங்களுக்கு நிக்கும்.

எந்த வண்டிய தேடறது

நம்ம நாட்ல கெடைக்கறது பெரும்பாலும் மூணு வகை. ஒன்னு சக்திமான், ஜெர்மனி மேன் கம்பெனி லைசென்ஸ்ல ஜபல்பூர்ல 1950கள் கடைசில ஆரம்பிச்சு 1996 வரைக்கும் செஞ்சாங்க, ஆறு சிலிண்டர் டீசல், ஃபோர் வீல் டிரைவ். அடுத்தது ஜோங்கா, நிசான் பேட்ரோல் 60 டிசைன்ல அதே ஜபல்பூர்ல 1969-லருந்து 1999 வரைக்கும் வந்தது, ஆறு சிலிண்டர் பெட்ரோல், 3,956 சிசி. 2019-ல தோனி ஒன்னு வாங்குனதுக்கு அப்புறம் ஜோங்கா பேரு தெரியாத பசங்களே இல்ல. மூணாவது நிசான் ஒன் டன் கேரியர், இதுவும் அதே குடும்பத்து பெட்ரோல் இன்ஜின்தான். இது இல்லாம வில்லிஸ், ஃபோர்டு, மஹிந்திரா ஜீப்புங்க, அது தனி உலகம்.

என் அபிப்பிராயம் என்னன்னா, முதல் தடவ வாங்குறவங்க ஜோங்காவோ ஜீப்போ பாருங்க. சக்திமான் மேல எனக்கு உசுரு, ஆனா அத நிறுத்த எடம், கழட்ட ஆளு, தூக்க ஜாக்கி எல்லாமே பெருசு. மொத்த எடை 7,500 கிலோவ தாண்டுற வண்டிக்கு ஹெவி லைசென்ஸ் வேணும், கார் லைசென்ஸ் வச்சுக்கிட்டு ஓட்டி எங்கயாவது இடிச்சுட்டா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுடுவான். பெட்ரோல் வண்டிக்கு வேற கஷ்டம், நாலு லிட்டர் இன்ஜின் குடிக்கற குடிக்கு மாசம் ஒரு தடவ ஆற்காடு போய்ட்டு வந்தாலே பர்ஸ் தெரியும். அத தெரிஞ்சே வாங்குங்க.

பேப்பர்: வண்டிய பாக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

பட்டாளத்துல இருக்கும்போது வண்டிக்கு மேல் நோக்கி ஒரு அம்பு, அப்புறம் வாங்குன வருஷத்தோட ரெண்டு நம்பர், எழுத்து, சீரியல்னு ஒரு மிலிட்டரி நம்பர் இருக்கும். ஏலத்துல வெளிய வந்ததும் அந்த நம்பர் செல்லாது, வாங்குனவரு ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சிவில் நம்பர் போட்டிருக்கணும். அப்படி போட்டு ஆர்.சி புக்கோட இருக்கற வண்டிய மட்டும் வாங்குங்க. "ஏல பேப்பர் இருக்கு, நீங்க போய் நம்பர் போட்டுக்கலாம்"னு சொன்னா விலை பாதியா இருந்தாலும் நகந்துடுங்க. 2023 ஏப்ரல் 1-லருந்து 15 வருஷம் தாண்டுன அரசாங்க வண்டிக்கு ஆர்.சி புதுப்பிக்க முடியாது, ஸ்கிராப் சென்டருக்குத்தான் போகணும்னு ரூல் வந்துடுச்சு, ராணுவ வேலைக்கான ஸ்பெஷல் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. அதனால புதுசா வெளிய வர்ற பழைய வண்டி கதைய ரெண்டு தடவ விசாரிங்க.

ஆர்.சி கைல வாங்குனதும் சேசிஸ் நம்பர ஃபிரேம்லயே தேடுங்க. வயர் பிரஷ் வச்சு துரு, பெயின்ட்ட தேய்ச்சா வெட்டுன நம்பர் தெரியும், மேல பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்து ஆர்.சியோட ஒவ்வொரு எழுத்தா ஒத்து பாருங்க. இன்ஜின் நம்பரும் அப்படித்தான். இந்த வண்டிங்கள்ல பாதிக்கு மேல யாரோ வேற டீசல் இன்ஜின் மாத்தி வச்சிருப்பாங்க, ஆர்.சில அது ஏறலன்னா எஃப்.சி (வண்டி ஓட்ட தகுதின்னு குடுக்கற சர்டிபிகேட்), பேர் மாத்தறது எல்லாத்துலயும் நிப்பாட்டுவாங்க. மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா மாத்தறதுக்கு ரொம்ப கட்டுப்பாடு வச்சிருக்கு, அத லேசா எடுத்துக்காதீங்க.

பேர் மாத்த 29, 30 ஃபார்ம், 15 வருஷம் தாண்டுன சொந்த வண்டிக்கு அஞ்சஞ்சு வருஷமா புதுப்பிக்க 25-வது ஃபார்ம். கட்டணம் 2022-ல ஏறுச்சு, 20 வருஷம் தாண்டுன வண்டிக்கு 2025-ல திரும்ப ஏறுச்சு, கிரீன் டாக்ஸும் சேரும், அதனால வாங்குற காசோட இதையும் கணக்கு போட்டுக்கங்க. நம்பர் பிளேட்ல வேலூர்னா டி.என் 23, ராணிப்பேட்டைனா டி.என் 73, உங்க ஆதார் அட்ரஸ் எந்த ஆபீசோ அங்கதான் போகணும்.

வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் பத்தி நிறைய பேரு கேக்கறாங்க. 2021 ஜூலைல வந்த ரூல் அது, 50 வருஷம் தாண்டி இருக்கணும், பெரிய மாற்றம் இல்லாம ஒரிஜினலா இருக்கணும், புது ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 20,000 ரூபா, பத்து வருஷத்துக்கு செல்லும், நம்பர்ல வி.ஏ எழுத்து வரும். ஆனா அது டூவீலருக்கும் சொந்த உபயோக நாலு சக்கர வண்டிக்கும்தான், லாரி வகைக்கு இல்ல. தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, இவ்ளோதான். பழைய ஜீப் வச்சிருந்தா யோசிங்க, சக்திமானுக்கு இந்த வழி இல்ல.

இன்னொன்னு, இத நிறைய பேரு நம்ப மாட்டாங்க. ஆலிவ் கிரீன் கலர் அடிக்கக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதி 121 படி அந்த கலர் பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான். அம்பு போட்ட நம்பர், ரெஜிமென்ட் சின்னம், பெரிய அதிகாரிங்க வண்டில வர்ற ஸ்டார் பிளேட் எதையும் வெளிய மாட்டாதீங்க. எனக்கும் அந்த கலர்ல பாக்கத்தான் ஆசை, ஆனா உடுப்புக்கு ஒரு மரியாத இருக்கற மாதிரி அந்த கலருக்கும் இருக்கு. மணல் கலர், சாம்பல், அடர் நீலம் எது அடிச்சாலும் இந்த வண்டிங்களுக்கு நல்லாவே இருக்கும்.

வண்டிக்கு கீழ படுத்து பாக்கறது

எங்க பக்கம் ஈ.எம்.இ-ல, அதாவது பட்டாளத்துல வண்டி ரிப்பேர் பாக்கற பிரிவுல, மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆன பெரியவரு ஒருத்தரு, வண்டி பாக்க கூப்ட்டா மொதல்ல கோணிப்பைய கேப்பாரு. "தம்பி, பெயின்ட்ட இன்னாத்துக்கு பாக்கற, கீழ பூந்து பாரு, அங்கதான் எல்லாம் கீது"ன்னு சொல்லிட்டு படுத்துடுவாரு. அவரு பாக்கற வரிசையத்தான் சொல்றேன்.

ஃபிரேம் நீளத்துக்கும் சின்ன சுத்தியால தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், துரு தின்ன எடம் மொத்துன்னு கேக்கும். ஸ்பிரிங் பட்டை மாட்டுற ஹேங்கர் பக்கத்துல, கிராஸ் மெம்பர் ரிவெட் பக்கத்துல தலமயிர் மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் சாய்ச்சு அடிச்சு பாருங்க. வெல்டிங் வச்சு மேல தகடு போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. நம்ம ஊரு கடல்கரை இல்லாததால மெட்ராஸ் வண்டி அளவுக்கு துரு பிடிக்காது, அதனால வெளியூர் வண்டின்னா இத இன்னும் கவனமா பாக்கணும்.

முன் ஆக்சில்ல வீல் திரும்புற எடத்துல உருண்டையா ஒரு கோளம் இருக்கும், அது வழியாதான் முன் வீலுக்கு பவர் போகுது. அந்த கோளம் வழவழன்னு இருக்கணும், குழி குழியா துரு இருந்தா எத்தன சீல் போட்டாலும் கிரீஸ் ஒழுகும். முன் வீல தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா கிங் பின்னோ பேரிங்கோ போயிருக்கு. டிரான்ஸ்ஃபர் கேஸ் (பவர முன்னுக்கும் பின்னுக்கும் பிரிச்சு குடுக்கற பெட்டி) லிவர் ஹை, லோ, ஃபோர் வீல் எல்லாத்துலயும் விழுதான்னு ஓட்டியே பாருங்க, நிக்கற வண்டில "விழுது சார்"னு சொல்றத நம்பாதீங்க.

இன்ஜின் சூடா இருந்தா அன்னைக்கு போய்ட்டு இன்னொரு நாள் வாங்க. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்கன்னு அர்த்தம், குளிர்ந்த இன்ஜின் எப்படி புடிக்குதுன்னு பாத்தாத்தான் உண்மை தெரியும். ஆயில் மூடிய தொறந்து உள்பக்கம் பாருங்க, பால் மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. ரேடியேட்டர்ல எண்ண மிதந்தாலும் அதேதான்.

வீட்டுக்கு கொண்டு வந்ததும்

ரொம்ப நாள் நின்ன வண்டிய ஓட்டிக்கிட்டு வராதீங்க, ஏத்திக்கிட்டு வாங்க. வந்ததும் செல்ஃப் அடிக்க கை பரபரக்கும், அடக்குங்க.

டேங்க்க காலி பண்ணி கழட்டுங்க. அடில துருவும் தண்ணியும் சேறும் இருக்கும், கழுவி சுத்தம் பண்ணி காய வச்சு மாட்டுங்க. ஹோஸ் அத்தனையும் புதுசு. பெட்ரோல் வண்டிக்கு இது முக்கியத்துலயும் முக்கியம், ஏன்னா இப்ப பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர் இதெல்லாம் அதுல ஊறி உப்பிடும். எத்தனாலுக்கு தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்குங்க. எத்தனால் ஈரத்த இழுக்கும், மழக்காலத்துல டேங்க்ல மாசக்கணக்குல நின்னா தண்ணி தனியா பிரிஞ்சு அடில தங்கிடும், அதனால நிறுத்தி வைக்கற வண்டில பழைய பெட்ரோல விட்டு வைக்காதீங்க.

ஆயில் மொத்தமும் இறக்கிடுங்க, இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (ஆக்சில் நடுவுல இருக்கற பல்சக்கர பெட்டி). இறக்குன ஆயில வெள்ள துணில ஊத்தி பாருங்க, மினுமினுன்னு பொடி இருந்தா பரவால்ல, தகடு மாதிரி துண்டு வந்தா அந்த பாக்ஸ தொறக்கணும். கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ90 கேக்கும்போது ஜி.எல்-4 கிரேடு கேளுங்க, ஜி.எல்-5-ல இருக்கற மருந்து சிலது பித்தள சிங்க்ரோ ரிங்க அரிச்சுடும். வண்டியோட மேனுவல் கெடச்சா அதுல போட்டதுதான் கடைசி வார்த்த.

அப்புறம் இன்ஜின கையால சுத்துங்க. ஹேண்டில் போட எடம் இருந்தா ஹேண்டில், இல்லன்னா முன்பக்கம் நட்டுல ஸ்பானர். ரெண்டு ரவுண்டு தடையில்லாம சுத்தணும். சிக்குனா பலவந்தம் பண்ணாம, பெட்ரோல் வண்டின்னா பிளக்க, டீசல்னா நாசில கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் எண்ண விட்டு ரெண்டு மூணு நாள் ஊற வைங்க. சுத்துச்சுன்னா, டீசல்ல ஸ்டாப் கேபிள இழுத்து வச்சுக்கிட்டு, பெட்ரோல்ல காயில் வயர கழட்டிட்டு செல்ஃப் அடிங்க, ஆயில் பிரஷர் முள்ளு ஏறுதான்னு பாருங்க. பத்து செகண்ட் அடிச்சா ஒரு நிமிஷம் விடுங்க, இல்லன்னா செல்ஃப் மோட்டார் கருகிடும். முள்ளு ஏறுனதுக்கு அப்புறம்தான் உண்மையான ஸ்டார்ட்.

டீசல் லைன கழட்டி மாட்டுனதால ஏர் புடிச்சிருக்கும். பம்ப் பக்கத்துல இருக்கற கை பிரைமர அடிச்சுக்கிட்டே ஃபில்டர் மேல இருக்கற ஸ்க்ரூவ லேசா தளத்துங்க, மொதல்ல நொர வரும், நொர நின்னு முழு டீசலா வந்ததும் டைட் பண்ணுங்க, அடுத்து பம்ப்ல இருக்கற ஸ்க்ரூ, அதுக்கும் புடிக்கலன்னா நாசில் பைப் நட்டுங்க. இந்த வரிசைய மாத்துனா நாள் பூரா அடிச்சாலும் புடிக்காது.

பிரேக்

ஓடுதான்னு பாக்கறதுக்கு முன்னாடி நிக்குதான்னு பாக்கணும். இந்த காலத்து வண்டிங்கள்ல நாலு வீலும் டிரம், பெரும்பாலும் ஒரே லைன். இப்ப வர்ற கார்ல ஒரு பக்கம் ஒழுகுனா இன்னொரு பக்கமாவது புடிக்கும், இதுல எங்கயாவது ஒரு வீல் சிலிண்டர் ஒழுகுனா பெடல் மொத்தமா தரைக்கு போயிடும். அதனால அரகொறையா பண்ணாதீங்க. நாலு டிரம்மும் கழட்டி, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாத்துக்கும் கிட்டு மாத்துங்க. சிலிண்டர் உள்ள விரல விட்டு தடவுனா சொரசொரப்பு தட்டுதுன்னா புது ரப்பர் போட்டும் பிரயோஜனம் இல்ல, ராணிப்பேட்டை பக்கம் லேத் பட்டறைங்க நிறைய இருக்கு, ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடிச்சு குடுப்பாங்க, அது உங்க காலத்துக்கும் போதும். ரப்பர் பாகங்கள பெட்ரோல், டீசல்ல கழுவாதீங்க, பிரேக் ஆயில்லயே கழுவுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பிரேக் ஆயில் மாத்தணும், அது காத்துல இருக்கற ஈரத்த குடிச்சுக்கிட்டே இருக்கும், மலை இறங்கும்போது சூட்டுல அந்த தண்ணி ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி ஆயிடும்.

லாக் ரிங் வீல்: இத தயவு செஞ்சு ரெண்டு தடவ படிங்க

பெரிய மிலிட்டரி வண்டிங்கள்ல ரிம் ஒரே துண்டா இருக்காது. டயர மாட்டிட்டு ஓரத்துல ஒரு இரும்பு வளையம், அதுக்கு மேல லாக் ரிங்னு போட்டு அடிச்சு உக்கார வைப்பாங்க. காத்து ஏறும்போது அந்த ரிங் சரியா உக்காரலன்னா குண்டு மாதிரி தெறிக்கும், எதிர்ல இருக்கற ஆளு உசுரோட எழுந்திரிக்க மாட்டாரு. பயமுறுத்த சொல்லல, லாரி பட்டறைங்கள்ல நெசமாவே நடக்கறது இது.

செய்ய வேண்டியது இதுதான். வண்டில மாட்டியிருக்கற வீல கழட்டறதுக்கு முன்னாடியே வால்வு உள்ள இருக்கற பின்ன எடுத்து காத்த முழுசா இறக்குங்க. ரிம்ம ரெண்டா சேத்து போல்ட் போட்ட டைப்பும் உண்டு, அதுல ஹப்ல மாட்டுற நட்டு எது, ரிம்ம சேக்கற நட்டு எதுன்னு தெரியாம எதையும் தொடாதீங்க. லாக் ரிங், ரிம் ஓரம் ரெண்டையும் வயர் பிரஷ்ல சுத்தம் பண்ணி பாருங்க, வளைஞ்சது, விரிசல் விட்டது, துரு தின்னது எல்லாம் எடைக்கு போட்டுடுங்க, வெல்டிங் வைக்கவே கூடாது. ஒரு ரிம்முக்கு உண்டான ரிங்க இன்னொன்னுக்கு மாட்டாதீங்க. காத்து ஏத்தும்போது இரும்பு கூண்டு இருக்கற கடைக்குத்தான் போகணும், கூண்டுக்குள்ள வச்சு, நீள ஹோஸ் போட்டு, எதிர்ல நிக்காம ஓரமா நின்னு ஏத்தணும். காத்து இருக்கும்போது ரிங்க சுத்தியால தட்டுற பஞ்சர் கடைக்காரர பாத்தீங்கன்னா உடனே நிறுத்த சொல்லுங்க, கோச்சுக்கிட்டாலும் பரவால்ல.

டயர் பட்டன் முழுசா இருக்குன்னு ஏமாறாதீங்க. பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 1219-னா 2019-ம் வருஷம் 12-வது வாரம். நம்ம ஊரு வெயில்ல நின்ன டயர் பக்கவாட்டுல வெடிப்பு விட்டுடும், பத்து வருஷம் தாண்டுனத மாத்திடுங்க, டியூபும் ஃபிளாப்பும் சேத்து.

கிரீஸ்

இந்த வண்டிங்கள கொல்றது தேய்மானம், தேய்மானத்துக்கு காரணம் கிரீஸ் அடிக்காதது. ஷேக்கில் பின், கிங் பின், டை ராட், ஜாயின்ட் ஷாஃப்ட் கிராஸ், ஷாஃப்ட் நீண்டு சுருங்குற ஸ்லிப் ஜாயின்ட், கிளட்ச், பிரேக் பெடல் ஷாஃப்ட்னு எங்கெங்கயோ நிப்பிள் (கிரீஸ் கன் மாட்டி அடிக்கற முனை) ஒளிஞ்சிருக்கும். ஒரு தடவ எல்லாத்தையும் தேடி மஞ்ச பெயின்ட் வச்சு பொட்டு வச்சுடுங்க, எண்ணி எழுதி வச்சுக்கங்க. அடிக்கும்போது நிப்பிள துணியால தொடச்சுட்டு அடிங்க, இல்லன்னா வெளிய இருக்கற மண்ணையே உள்ள தள்ளுறீங்க. ஓரத்துல மொதல்ல கருப்பா, கட்டியா பழைய கிரீஸ் பிதுங்கும், நிறுத்தாதீங்க, புது கிரீஸ் கலர் தெரியற வரைக்கும் அடிங்க. ஒரு நிப்பிள் வாங்கவே இல்லன்னா கழட்டி வழிய சுத்தம் பண்ணுங்க, "அது அப்படித்தான்"னு விட்ட நிப்பிள்தான் அடுத்த வருஷம் பின்னோட சேத்து செலவு வைக்கும். தண்ணில இறங்கி ஏறுன நாளு அன்னைக்கே அடிக்கணும்.

வேலூர் வெயில்

அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊரு 40 டிகிரிய சாதாரணமா தாண்டும். ரேடியேட்டர் கோர கழட்டி ரேடியேட்டர் பட்டறைல குடுத்து மேல் டேங்க்க பிரிச்சு குச்சி விட்டு சுத்தம் பண்ண சொல்லுங்க, வெளியருந்து தண்ணி அடிச்சா போதாது. போர் தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, நம்ம பக்கம் உப்பு அதிகம், உள்ள சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சுடும். டிஸ்டில்டு வாட்டர்ல கூலன்ட் பாதிக்கு பாதி. சூடாகுதுன்னு தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசற பழக்கம் நம்ம மெக்கானிக்குங்க கிட்ட இருக்கு, வேணாம், இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம ஆயில்ல ஈரம் தங்கி உள்ள தேயும். ரேடியேட்டர் மூடில இருக்கற ரப்பரும் ஸ்பிரிங்கும் சரியா இருக்கணும், அந்த பிரஷர்லதான் தண்ணி கொதிக்காம தாங்குது. ஃபேன் பெல்ட்ட கட்டவிரலால அழுத்துனா அர இஞ்ச் போகணும்.

பெட்ரோல் வண்டி மத்தியானம் நடுரோட்ல நின்னு திரும்ப புடிக்கலன்னா முக்காவாசி பெட்ரோல் பைப்லயே ஆவியாகி அடைச்சிருக்கும். பைப் சைலன்சர் பக்கத்துல போகுதான்னு பாத்து தள்ளி கட்டுங்க, பம்ப் மேல ஈரத்துணி போட்டு ஆற விட்டா கெளம்பும். மே மாசத்துல காலைல ஒம்போது மணிக்குள்ள ஓட்டி முடிச்சுடறது வண்டிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

24 வோல்ட்

நிறைய மிலிட்டரி வண்டிங்க 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய சீரிஸ்ல போட்டிருக்கும். உங்க வண்டி எதுன்னு பல்புல, டைனமோ தகட்டுல பாத்து உறுதி பண்ணிக்கங்க. ரெண்டு பேட்டரியும் ஒரே கம்பெனி, ஒரே நாள் வாங்குனதா இருக்கணும், ஒன்னு போனா ரெண்டையும் மாத்துங்க. போன் சார்ஜர், பாட்டு கேக்கறதுக்குன்னு ஒரு பேட்டரிலருந்து மட்டும் 12 வோல்ட் இழுக்கறாங்க, அது ஒன்னு எறங்கி இன்னொன்னு ஓவர் சார்ஜ் ஆகி ரெண்டுமே சாகும், 24-லருந்து 12 மாத்தற கன்வெர்ட்டர் போடுங்க. கார் பேட்டரில ஜம்ப் குடுக்க வேணாம், 24 வோல்ட் லாரியோ பஸ்ஸோ பாத்து குடுங்க. எர்த் வயர்ல கட் ஆஃப் சுவிட்ச் வச்சா பழைய வயரிங்ல ராத்திரி தீ புடிக்குமோன்னு பயம் இருக்காது.

ஓட்டறது

ஃபோர் வீல் போட்டு தார் ரோட்ல ஓட்டாதீங்க. இந்த வண்டிங்கள்ல முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவுல முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் போகும்போது டயர் வழுக்க எடம் இல்லாம எல்லா பல்லும் முறுக்கிக்கும். லிவர் வெளிய வரலன்னா அதான் காரணம், நேரா கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க, விடும். மணல், சேறு, ஏரிக்கர இந்த மாதிரி வழுக்குற எடத்துல மட்டும் போடுங்க. ஆனா பாலாத்துக்குள்ள லாரிய இறக்கி பழகாதீங்க, மணல் அள்ள வந்தவங்கன்னு நெனச்சு புடிச்சா வண்டிய மீட்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். தெரிஞ்சவங்க நெலத்துல உழுத எடத்துல பழகலாம்.

ஏலகிரி ஏறுறது ஆசையா இருக்கும், 14 கொண்டை ஊசி வளைவு. ஏறுன கியர்லயே இறங்குங்க, பிரேக் மேல காலு வச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடேறி புடிப்பு போயிடும். ஹைவேல 80-க்கு விரட்டாதீங்க, ஓரமா 45, 50-ல போனா சத்தமே ஒரு சுகம்.

மூணு பரேடு

ஃபர்ஸ்ட் பரேடுன்னா எடுக்கறதுக்கு முன்னாடி: ஆயில், தண்ணி, பிரேக் ஆயில், பெல்ட், டயர் காத்து, வீல் நட்டு, லைட், கீழ ஒழுகல். பிரேக் பெடல ஒரு நிமிஷம் அழுத்தி புடிங்க, கொஞ்சம் கொஞ்சமா கீழ போச்சுன்னா அன்னைக்கு வண்டி எடுக்கக்கூடாது.

ஹால்ட் பரேடுதான் நிறைய பேரு மறக்கறது, எனக்கு ரொம்ப புடிச்சதும் அதுதான். அர மணி ஓடி டீ குடிக்க நிறுத்துனதும், ஒவ்வொரு வீல் ஹப் பக்கத்துலயும் பொறங்கைய கொண்டு போங்க, மொதல்ல சூடு தெரியுதான்னு பாத்துட்டு அப்புறம் தொடுங்க. நாலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பா இருக்கணும். ஒன்னு மட்டும் சுட்டுச்சுன்னா அங்க பிரேக் புடிச்சுக்கிட்டே இருக்கு, இல்ல பேரிங் போவுது. கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸையும் அப்படியே தொட்டு பாருங்க. இந்த ஒரு பழக்கம் நடுரோட்ல வீல் கழண்டு ஓடறத தடுக்கும்.

லாஸ்ட் பரேடு, நிறுத்துனதும்: பெரிய இன்ஜின ரெண்டு மூணு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க, மண்ண கழுவுங்க, ஏர் டேங்க் இருந்தா அடில இருக்கற குழாய தொறந்து தண்ணிய விடுங்க, கட் ஆஃப் சுவிட்ச் ஆஃப், வீலுக்கு அடில கட்டை. அன்னைக்கு கேட்ட புது சத்தத்த அன்னைக்கே நோட்ல எழுதுங்க.

வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்றது நல்லதில்ல, சூடாகாம உள்ள ஈரம் தங்கும். மாசம் ரெண்டு தடவ நல்லா சூடேற 20 கிலோமீட்டர் ஓட்டுங்க. ஐப்பசி, கார்த்திக மழைல நிறுத்தி வைக்கணும்னா தார்ப்பாய வண்டி மேல ஒட்டற மாதிரி போடாதீங்க, காத்து போகணும், இல்லன்னா வெளிய காஞ்சு உள்ள துரு பிடிக்கும். ஆக்சிலுக்கு ஸ்டாண்டு குடுத்து டயர் மேல எடைய குறைங்க, ஏர் கிளீனர் வாய, சைலன்சர் வாய துணியால அடைங்க, எலி கூடு கட்டும், அடைச்சத ஸ்டீயரிங்ல சீட்டு எழுதி தொங்க விடுங்க.

சாமான், ஆளு

ஆயில் சீல், பேரிங் எல்லாம் வண்டி பேர சொல்லி கேட்டா "இல்ல"ன்னுதான் பதில் வரும். பேரிங் மேல வெட்டியிருக்கற நம்பர சொல்லுங்க, சீலுக்கு உள் அளவு, வெளி அளவு, தடிப்பு சொல்லுங்க, வேலூர்லயே கெடச்சுடும். இன்ஜின், கியர் பாக்ஸ் சாமானுக்கு சென்னை புதுப்பேட்டை, அங்கயும் இல்லன்னா டெல்லி மாயாபுரி. கேஸ்கெட் பேப்பர் ஷீட் வாங்கி நீங்களே வெட்டலாம். டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், நாசில், கிளட்ச் பிளேட்டு இதெல்லாம் வண்டி நல்லா ஓடும்போதே ஒரு செட் வாங்கி எண்ண தடவி வைங்க, தேவைப்படும்போது தேடுனா வெல மூணு மடங்கு சொல்லுவாங்க.

அத விட அவசரம் ஆளு. சக்திமான் பம்ப் டைமிங் வைக்கத் தெரிஞ்ச, ஜோங்கா கார்புரேட்டர காதாலயே கேட்டு செட் பண்ற ஈ.எம்.இ, ஏ.எஸ்.சி (பட்டாளத்துல சப்ளை, போக்குவரத்து பாக்கற பிரிவு) பெரியவங்க நம்ம மாவட்டத்துல இன்னும் இருக்காங்க, எழுவது வயசு தாண்டிடுச்சு. நெறைய பேரு அந்த கைவேலைய யாருக்கும் சொல்லிக்குடுக்காம வீட்ல உக்காந்திருக்காங்க, ஏன்னா யாரும் போய் கேக்கல. உங்க ஊர்ல யாருன்னு விசாரிச்சு வண்டியோட போய் நில்லுங்க, வேல செய்ய சொல்லாதீங்க, பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சு "நீங்க சொல்லுங்கய்யா, நான் கழட்டறேன்"னு கேளுங்க. அவரு அனுமதியோட போன்ல வீடியோ எடுத்து வைங்க, டேப்பட் கேப் எவ்ளோ, எந்த நட்டு எடக்கைப் புரின்னு அவரு சொல்றத அந்த நோட்லயே தேதி போட்டு எழுதுங்க. நோட்டு வண்டிலயே சீட்டுக்கு அடில ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருக்கட்டும், நாளைக்கு வண்டி யாரு கைக்கு போனாலும் சாவியோட அதையும் சேத்து குடுங்க.